கப்பல் கவிழ்ந்தாலும்

கேள்வி: நிருபர் வெயிலில் அலைந்து செய்தி சேகரிக்கிறார். அவர் பெயர்கூட அச்சாவதில்லை. வீட்டில் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் பத்தி எழுத்தாளருக்கு மட்டும் பெயர், புகைப்படம், தனி இடம். பத்திரிகைத் துறையில் இந்தப் பத்தி எழுத்தாளரின் பங்குதான் என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி

பதில்: பெயர் அச்சாவதில்லையே என்று நிருபருக்காக வருத்தப்படும் கடிதத்தின் அடியில், 'என் பெயரை அச்சிட வேண்டாம்' என்று கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். சரி, உங்கள் விருப்பம்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது 'பத்தி' என்ற சொல். இவ்வளவு வேலை பார்க்கும் சொல் தமிழில் குறைவு. கொளுத்தி வைத்தால் அது ஊதுபத்தி. அரை மணி நேரம் மணக்கும், அப்புறம் சாம்பலைத் துடைக்க ஆள் தேட வேண்டும். 'பத்தராய்ப் பணிவார்கள் எல்லார்க்கும் அடியேன்' என்று சுந்தரர் பாடினாரே, அந்தப் பத்தி பக்தி. 'அவனைப் பத்தித் தெரியாதா?' என்று யாராவது ஆரம்பித்தால் அது வம்பு. நாளிதழ்களில் வரும் பத்திகளில் முக்கால்வாசியை இந்த மூன்று டப்பாக்களில் ஏதாவது ஒன்றில் போட்டு மூடிவிடலாம். பக்தி டப்பாதான் சீக்கிரம் நிரம்புகிறது. தேர்தல் வருஷத்தில் அதற்கு இரண்டு டப்பா வேண்டும்.

('அவனைப் பத்தி' என்று நான் ஒருமுறை அச்சில் விட்டதற்காக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பதினோரு வருஷமாக என்மீது போர் நடத்திவருகிறார். ஆயுதம் அஞ்சலட்டை, எப்போதும் சிவப்பு மை. ஐயா, இந்த முறை மேற்கோள்குறிக்குள் போட்டிருக்கிறேன். கார்டை மிச்சம் பிடியுங்கள்.)

அடுத்தது புகைப்படம். பத்தி எழுத்தாளரின் புகைப்படத்தில் கை எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னத்தில். எங்கள் வீட்டில் யாராவது அப்படி உட்கார்ந்தால் பாட்டி விடமாட்டாள். 'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதேடா' என்று கையைத் தட்டிவிடுவாள். பாட்டிக்குப் பத்திரிகைத் தொழில் தெரியாது. பத்தி எழுத்தாளருக்கு வாரா வாரம் ஒரு கப்பல் கவிழ்ந்தாக வேண்டும். ஜனநாயகக் கப்பல், கலாசாரக் கப்பல், தமிழ் சினிமாக் கப்பல். எதுவும் கவிழாத வாரத்தில் அவரே படகு எடுத்துக்கொண்டு போய் ஓட்டை போட்டுவிட்டு வந்து கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். புகைப்படம் மட்டும் முப்பது வயதில் எடுத்தது. பேரன் பிறந்த பிறகும் அதுதான் வரும்.

உங்கள் கோபம் 'உட்கார்ந்து' என்ற சொல்லில் இருக்கிறது. அதில் நான் உங்கள் கட்சி. நாள் முழுக்கக் கலெக்டர் அலுவலக வாசலில் நின்ற நிருபரின் செய்தி 'சிங்கிள் காலம்' (ஒரே பத்தி அகலத் துண்டுச் செய்தி) ஆகி, அதுவும் விளம்பரம் வந்ததும் பறந்துபோகும். அதே நாளில், அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாதவர் நிர்வாகச் சீர்கேடு குறித்து அரைப் பக்கம் எழுதியிருப்பார்.

ஆனால் எல்லோரும் உட்காருவதில்லை. 1963 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். உலகப் பத்திரிகையாளர்கள் எல்லாம் வாஷிங்டனில். எல்லோரும் ஒரே ஊர்வலத்தைப் பார்த்தார்கள், ஒரே குதிரைகளைப் பார்த்தார்கள், ஒரே விதவையைப் பார்த்தார்கள். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூனில் பத்தி எழுதிக்கொண்டிருந்த ஜிம்மி பிரெஸ்லின் என்பவர் மட்டும் வேறொரு ஆளைத் தேடிப் போனார். ஜனாதிபதியாகவே இருக்கட்டும், அவருக்கும் யாராவது குழி வெட்டித்தானே ஆக வேண்டும்? ஆர்லிங்டன் கல்லறையில் அந்த வேலையைச் செய்தவர் கிளிஃப்டன் பொலார்டு. வயது 42. இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இருந்தவர். (1942இல் நம்மவர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்களே, அதே பர்மா.) ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எப்படியும் கூப்பிடுவார்கள் என்று வேலை உடுப்பை மாட்டிக்கொண்டுதான் காலைச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்தார். முட்டையைத் தின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கூலி மணிக்கு 3 டாலர் 1 சென்ட். இந்தக் குழியை வெட்டுவது எனக்குக் கௌரவம் என்றார். மறுநாள் அடக்கம் நடந்தபோது அவர் அங்கே இல்லை. மேட்டின் இன்னொரு பக்கத்தில், அதே கூலிக்கு, வேறு யாருக்கோ குழிகள் வெட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கப் போனவரைக் கூட்டம் அதிகம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிரெஸ்லின் அதை எழுதினார். அந்த வாரம் ஆயிரம் பேர் தலையங்கம் எழுதியிருப்பார்கள். இன்றைக்கு ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? அந்த 3 டாலர் 1 சென்ட் கணக்கு இருக்கிறது. கவனியுங்கள், அதில் கருத்தே கிடையாது. கென்னடி நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே இல்லை. மணிக்கு எவ்வளவு கூலி என்று கேட்கத் தோன்றியதே, அதற்குத்தான் பெயரும் புகைப்படமும். கூட்டம் போகும் திசையில் போக நிருபருக்கு உத்தரவு இருக்கிறது, பாவம். பத்தி எழுத்தாளருக்கு அந்த உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாதவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் நீங்கள் திட்டுவது நியாயம்தான்.

சிகாகோவில் மைக் ராய்க்கோ என்று ஒருவர் இருந்தார். வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது வருஷத்துக்கு மேல் பத்தி எழுதினார். நான் மாதம் இரண்டு முறை கேள்வி-பதில் எழுதவே முதுகு வலிக்கிறது. 1984இல் அவர் எழுதிவந்த சன்-டைம்ஸ் பத்திரிகையைப் பெரும் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக் வாங்கியதும், மானமுள்ள எந்த மீனும் மர்டாக்கின் பேப்பரில் பொட்டலமாகச் சம்மதிக்காது என்று சொல்லிவிட்டு, எதிரிப் பத்திரிகையான டிரிப்யூனுக்குப் போய்விட்டார்.

நம் ஊரில் மீனுக்குப் பதில் பஜ்ஜி. எங்கள் தெருமுனைக் கடையில் ஒருநாள் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் நான் ஒரு நாளிதழில் எழுதிய பத்தி. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. எண்ணெய் ஊற ஊற, பின்பக்கத்து மூலப் பவுத்திர விளம்பரம் என் வரிகளுக்கு நடுவே தெரிய ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். வாதம் முன்னைவிட வலுவாகியிருந்தது. அச்சடித்த தாளில் தின்பண்டம் மடிக்கக் கூடாது என்று 2018ஆம் வருஷத்து உணவு பேக்கேஜிங் விதிகள் சொல்கின்றன. மை உடம்புக்கு ஆகாதாம். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "உங்க பேப்பர்தான் சார் எண்ணெய் நல்லா இழுக்குது" என்றார். நாற்பது வருஷ எழுத்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது.

எங்கேயோ போய்விட்டேன். பங்கு என்ன என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? பாரதியார் 'தராசு' என்று ஒரு பத்தி எழுதினார். ஒரு கடை, அங்கே ஒரு தராசு. வருகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள், தராசு நிறுத்துப் பதில் சொல்லும். நான் இந்தப் பக்கத்தில் செய்வதும் அதே வியாபாரம்தான். என் தராசில் எடைக்கல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் சந்தா போன மாதமே முடிந்துவிட்டதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள். அதைப் பத்தியும் ஒரு வரி எழுதுங்கள். பெயர் போட்டு.