முன்னுரைக்கு முன்னால் ஒரு பக்கம்: கட்டுரைக் கேள்வி பதில்

கட்டுரை எழுதுவது பற்றிக் கேளுங்கள் என்றதும், பள்ளிப் பிள்ளைகளும் ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்களும்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பூர்: டீச்சர், தலைப்பைப் பார்த்ததும் முன்னுரையை எழுத ஆரம்பித்துவிடுகிறேன். இரண்டு பத்திக்கு அப்புறம் ஒன்றுமே தோன்றமாட்டேன் என்கிறது.

என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே முன்னுரையில் இறங்குவதால் வரும் வினை இது கண்ணு. முதலில் ஒரு பக்கத்தைக் குறிப்புக்கென்று ஒதுக்கிவிடு.

'சென்னையின் குடிநீர்' என்று தலைப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். நினைவுக்கு வருவதையெல்லாம் வரிசை பார்க்காமல் கொட்டு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். வீராணம் தண்ணீர். லாரி, பிளாஸ்டிக் குடம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2015 வெள்ளம். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள். பள்ளிக்கரணை சதுப்புநிலம்.

இப்போது எழுதாதே, பார். இதில் எந்த இரண்டு ஒன்றோடொன்று முட்டுகிறது? 2015இல் ஊரே முழுகியது. நான்கே வருஷத்தில் அதே ஊருக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஏன் என்று கேள்வி எழுகிறதா? சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைப் பிடித்து வைத்த ஏரியும் சதுப்புநிலமும் சுருங்கிவிட்டன. ஆக, 'சென்னைக்கு மழை பஞ்சமில்லை, மழையைத் தேக்க இடம்தான் பஞ்சம்' என்று ஒரு வரி கிடைக்கிறது. இதுதான் உன் கட்டுரை. பக்கத்தின் உச்சியில் எழுதிக் கட்டம் போட்டு வை.

மிச்சமெல்லாம் இந்த வரிக்கு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் வெளியே போக வேண்டும். மழை எப்படி வருகிறது, முன்பு எங்கே தங்கியது, அந்த இடங்கள் என்ன ஆயின, அதனால் வெள்ளமும் வறட்சியும் எப்படி மாறி மாறி வருகின்றன, இனி என்ன செய்யலாம் என்ற வரிசை தானாக வந்துவிடும். மழைநீர் சேகரிப்பும் வீராணமும் கடைசிப் பகுதிக்குப் போகும். 'அதுதான் கடல்நீர் ஆலை இருக்கிறதே' என்று படிப்பவர் கேட்பார் அல்லவா, அந்த இடத்தில் மீஞ்சூரை வை. குடத்தோடு லாரிக்காக நிற்கும் வரிசை முன்னுரைக்கு ஆகும். பார்த்தாயா, முன்னுரை கடைசியில்தான் கிடைத்தது.

எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா, தாம்பரம்: நோட்ஸில் இருக்கும் கட்டுரையை அப்படியே மனப்பாடம் செய்கிறான். விட்டுவிடலாமா?

குறளும் பாட்டு வரியும் மனப்பாடமாக இருப்பது நல்லதுதான் அம்மா. முழுக் கட்டுரையை உருப்போடுவதில்தான் ஆபத்து. 'மரம் வளர்ப்போம்' என்று படித்துப் போகிறான், 'நெரிசல் மிகுந்த தெருவில் மரம் நட இடம் எங்கே?' என்று கேட்டுவிடுகிறார்கள். அவன் மரத்தின் பயன்களையே ஒப்பித்துவிட்டு வருவான். அதே நோட்ஸ் கட்டுரையைக் கொடுத்து, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் நாலு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த நாலு நாலு வார்த்தையை வைத்துச் சொந்தமாக எழுதட்டும்.

ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர், அண்ணா நகர்: மெயின்ஸில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. திட்டமிட நேரமே இல்லையே மேடம்?

இருக்கிறது. மொத்தம் 250 மதிப்பெண், கட்டுரைக்கு 125. ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொல். தொண்ணூறு நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடத்தைத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கவும் குறிப்புக்கும் கொடுங்கள், எழுத ஐம்பத்தைந்து, திரும்பப் படிக்கப் பத்து. ஐந்தாவது நிமிடத்திலேயே எழுத ஆரம்பிப்பவர்களைப் பார்த்துப் பதறாதீர்கள். பாதி வழியில் அவர்களில் பலர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. அங்கே வரும் தலைப்புகள் பல தத்துவ வாக்கியமாக இருக்கும். அதை ஒப்புக்கொள்வதா, மறுப்பதா, எந்த எல்லைவரை ஒப்புக்கொள்வது என்று குறிப்புப் பக்கத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். சமூகம், அரசியல், பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்று எல்லாத் தலைப்பையும் ஒரே நாலு டப்பாவில் பிரித்துப் போடும் வழக்கம் பயிற்சி மையங்களில் பரவியிருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. கட்டுரை நகரவே நகராது.

ஐ.டி. ஊழியர், வேளச்சேரி: 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கலாமா?

வேண்டாம்.

கல்லூரி மாணவர், மயிலாப்பூர்: பத்தியை எங்கே முடிப்பது என்றே தெரியவில்லை.

ஒரு கேள்விக்குப் பதில் முடிந்த இடத்தில். எழுதிய பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள் தம்பி. கதை புரிந்தால் அமைப்பு சரி. நடுவில் தடுக்கினால் அங்கே ஒரு பத்தி இடம் மாறியிருக்கிறது, அல்லது ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

அதே மாணவர்: எழுதியதைத் திருத்தும்போது எதைப் பார்ப்பது?

புதிதாக ஒரு பட்டியல் எதற்கு? நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் பத்துக் குற்றம் சொல்லியிருக்கிறாரே. நூலுக்குச் சொன்னது, கட்டுரைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். எனக்கு அதிகம் கண்ணில் படுபவை மூன்று.

மற்றொன்று விரித்தல்: குடிநீர் பற்றித் தொடங்கி, 2015 வெள்ளத்தில் பால் பாக்கெட் கிடைக்காத கதையை ஒரு பக்கம் ஓட்டுவது. கதை நன்றாகத்தான் இருக்கும், இருந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். கூறியது கூறல்: முன்னுரையைச் சொல் மாற்றி முடிவுரையாக வைப்பது. சென்று தேய்ந்து இறுதல்: முதல் பக்கம் ஓகோ என்று போய், கடைசிப் பக்கம் 'எனவே அனைவரும் ஒன்றுபடுவோம்' என்று கரைவது. உங்களிடமுள்ள வலுவான கருத்தைக் குறிப்பிலேயே கடைசிப் பகுதிக்கு ஒதுக்கி வைத்தால் மூன்றாவது குற்றம் பாதி போய்விடும்.

இல்லத்தரசி, கொளத்தூர்: பொங்கல் கட்டுரைப் போட்டிக்கு எழுத வேண்டும். தகவலுக்கு எங்கே போகலாம்?

எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போங்கள். ஆனால் என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் அலமாரியைப் பார்த்தே மாலை ஆகிவிடும். குறிப்பு எடுக்கும்போது நூல் பெயரும் பக்க எண்ணும் கூடவே இருக்கட்டும்.

பிளஸ் டூ மாணவன், ராயபுரம்: கைபேசியில் கேட்டால் ஒரு நிமிஷத்தில் முழுக் கட்டுரையும் வந்துவிடுகிறதே மேடம்?

தேர்வு அறைக்குள் கைபேசியை விடமாட்டார்கள் தம்பி. வேண்டுமானால், மேலே பெரம்பூர் மாணவிக்குச் சொன்னதுபோல் உன் கட்டுரைக்கான அந்த ஒரு வரியை நீயே கண்டுபிடித்துக் கொடுத்து, இதை மறுப்பவர் என்ன சொல்வார் என்று கேள். வருவதற்கு நீயே பதில் எழுது.

ஓய்வு பெற்றவர், அம்பத்தூர்: சந்திப் பிழைக்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும் அம்மா?

கவலைப்பட வேண்டும் ஐயா, ஆனால் கடைசியில். முதல் வாசிப்பில் வரிசையைப் பாருங்கள், இரண்டாவதில் பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றைச் சரிபாருங்கள். ஒற்று மூன்றாவது வாசிப்புக்கு. வெட்டப்போகிற பத்தியில் ஒற்றுத் திருத்திக்கொண்டிருப்பது நேரத்துக்குக் கேடு.