புருவ மைக்ரோபிளேடிங்: தை முகூர்த்தத்துக்கு முன் வந்த கேள்விகள்

ஆவணி பிறந்து கல்யாணத் தேதிகள் குறிக்க ஆரம்பித்தாலே புருவத்தைப் பற்றிய கேள்விகளும் கூடவே வந்துவிடும். காரைக்குடி சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. மைக்ரோபிளேடிங்கோ பவுடர் பிரோஸோ, இரண்டிலும் தோலை ஊசியால் கீறி, உள்ளே நிறம் ஏற்றுகிறோம். அது ஒரு காயம். எப்போது செய்வது, யார் செய்துகொள்ளலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எதைக் கேட்டாலும், அந்தக் காயம் எப்படி ஆறும் என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மகளுக்குத் தை 20-ம் தேதி கல்யாணம். ஒரு வாரம் முன்னால் செய்தால் புதுசாகப் பளிச்சென்று இருக்குமா?
*கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்*

வேண்டாம் ஆச்சி. அந்த ஒரு வாரம்தான் இருப்பதிலேயே மோசமான நேரம். செய்த அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் புருவம் கன்னங்கரேலென்று, நினைத்ததைவிடத் தடிமனாகத் தெரியும். நாலாம் ஐந்தாம் நாளில் அரிப்பு எடுக்கும், மெல்லிய பொருக்கு தட்டித் திட்டுத் திட்டாக உரியும். மேக்கப் போடக் கூடாது, சந்தனம் குங்குமம் பக்கத்தில் வரக் கூடாது, ஹோமப் புகை முன்னால் வேர்க்கக் கூடாது. இதையெல்லாம் தவிர்த்துவிட்டு ஒரு மணப்பெண் எப்படி மணையில் உட்கார முடியும்?

பொருக்கு விழுந்த பிறகு இன்னொரு பயம் வரும். பத்தாம் நாள் வாக்கில் நிறமே பிடிக்கவில்லை போல வெளிறிப்போய்த் தெரியும். "காசு போச்சே" என்று போன் செய்பவர்கள் எல்லோரும் இந்த நாட்களில்தான் செய்வார்கள். நிறம் எங்கும் போகவில்லை. அதன் மேல் புதுத் தோல் வளர்வதால் மங்கலாகத் தெரிகிறது. நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் அந்தத் தோல் தெளிந்ததும் உண்மையான நிறம் மேலே வரும். எங்கே பிடித்திருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று அப்போதுதான் பார்க்க முடியும். அதனால் இரண்டாவது சிட்டிங்கான டச்-அப்பை ஆறு வாரம் கழித்து வைக்கிறோம். அதுவும் ஆற இன்னொரு மாதம் வேண்டும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். தை 20-க்குக் கல்யாணம் என்றால் டச்-அப் மார்கழி முதல் வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். மார்கழியில் முகூர்த்தமும் கிடையாது, வெயிலும் குறைவு. இந்த வேலைக்கு நல்ல மாதம். முதல் சிட்டிங்கை ஐப்பசிக் கடைசியில், தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்க்காத தீபாவளி நம் வீடுகளில் நடக்காது. பச்சைக் காயத்தில் எண்ணெய் வழிந்தால் நிறமும் நிற்காது.

இதற்கெல்லாம் நாள் இல்லையென்றால் புருவத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கல்யாணத்தன்று நல்ல மேக்கப் கலைஞர் பென்சிலாலேயே அழகாக வரைந்துவிடுவார்.

எனக்கு 26 வயது. காலை பத்து மணிக்கே நெற்றியில் எண்ணெய் வழியும். மைக்ரோபிளேடிங் நல்லதா, பவுடர் பிரோஸ் நல்லதா?
*காரைக்குடி, செக்காலை வாசகி*

உங்களுக்குப் பவுடர் பிரோஸ்தான். மைக்ரோபிளேடிங் கையால் செய்வது. வரிசையாக நுண்ணிய ஊசிகள் பதித்த கருவியால் முடி முடியாகக் கோடு கீறுவார்கள். வறண்ட தோலிலும் சாதாரணத் தோலிலும் அது நிஜ முடி போலவே இருக்கும். எண்ணெய்த் தோலில் சில மாதங்களிலேயே, ஈரம் காயாத வாசலில் போட்ட மாக்கோலம் மாதிரி ஓரம் கலைந்துவிடும். தனித்தனிக் கோடாக இருந்தது சாம்பல் தீற்றலாகிவிடும். பவுடர் பிரோஸில் இயந்திர ஊசி புள்ளி புள்ளியாக நிறம் வைக்கும். பென்சிலால் இலேசாக நிரப்பியது போல் இருக்கும், எண்ணெய்த் தோலிலும் நிலைத்து நிற்கும்.

பொதுவாக மைக்ரோபிளேடிங் ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை தெரியும். பவுடர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வெயிலில் அதிகம் திரிகிறவர்களுக்கு இரண்டுமே சீக்கிரம் மங்கும். இரண்டையும் கலந்து செய்கிற காம்போவும் உண்டு. ஆனால் உங்கள் தோலில் அதிலுள்ள கோட்டுப் பகுதி நிற்காது. கூடுதல் காசு கொடுத்து அதைச் செய்துகொள்ளத் தேவையில்லை.

52 வயதாகிறது. இரண்டு வருடமாகப் புருவத்தின் வெளிப்பக்க முனை உதிர்ந்துகொண்டே வருகிறது. செய்துகொள்ளலாமா?
*தேவகோட்டை வாசகி*

முதலில் மருத்துவரைப் பாருங்கள், அம்மா. தைராய்டு சுரப்பு குறைந்தால் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு புருவம் உதிர்வது தெரிந்த அறிகுறி. கூடவே அசதி, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் போதும், தெரிந்துவிடும். மாத்திரை ஆரம்பித்துச் சரியானால் முடி திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. வட்டமாகச் சொட்டை விழுகிற அலோபீசியாவிலும் புருவம் உதிரும். அதற்கும் தோல் மருத்துவரிடம் சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்றையும் தயங்காமல் எழுதுகிறேன். உடம்பில் எங்காவது வெளிறிய, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோயிலும் புருவம் உதிரும். கூட்டு மருந்தால் முழுமையாகக் குணமாகிற நோய் அது, மருந்தும் இலவசம். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் உதிர்ந்த இடத்தில் நிறத்தைப் போட்டு மறைத்துவிட்டால் நோய் தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாமல் போய்விடும். என்னைப் பொறுத்தவரை, காரணம் விசாரிக்காமல் கருவியைக் கையில் எடுப்பது தவறு.

எல்லாம் சரியாக இருந்து, வயதால்தான் அடர்த்தி குறைந்தது என்றால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். நிறம் மட்டும் கருகரு வேண்டாம். அடர் பழுப்பு உங்கள் வயதுக்குப் பொருந்தும்.

மாசி-பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க வேண்டியிருக்கிறேன். மாசி முதல் வாரம் புருவம் செய்துகொண்டால் பரவாயில்லையா?
*புதுவயல் வாசகி*

திருவிழா முடியட்டும். வெயிலில் நடப்பீர்கள், வேர்வை வழியும், தலையில் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள், மேலே பாலும் சிந்தும். ஆறாத புருவத்துக்கு இதில் ஒன்றுகூட ஆகாது. காப்புக் கட்டி விரதம் இருக்கிற நாளில் மருந்து பூசுவதையும் தண்ணீர் படாமல் பார்ப்பதையும் நினைத்துக்கொண்டிருப்பது உங்களுக்கும் சிரமம். நேர்த்திக்கடனை முடித்துவிட்டுச் சித்திரையில் வாருங்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்களும் திரும்பி வந்த பிறகு செய்துகொள்ளலாம்.

மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் பெரியவர்கள் "காயத்துக்கு மஞ்சள் வை" என்று அன்போடு சொல்வார்கள். புருவத்துக்கு வேண்டாம். சமையல் மஞ்சள் சுத்திகரித்த மருந்து கிடையாது, அதன் நிறமும் ஏறும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கற்றாழை எதுவும் வேண்டாம். செய்தவர் கொடுத்த களிம்பை மட்டும், கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, இரண்டு புருவத்துக்கும் சேர்த்து ஓர் அரிசியளவு, மினுமினுப்பு தெரியாத அளவுக்குத் தடவுங்கள். முதல் நாள் கசிகிற தெளிந்த நீரைச் சுத்தமான காஸ் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதை அப்படியே விட்டால் கெட்டிப் பொருக்காகி, விழும்போது நிறத்தையும் எடுத்துக்கொண்டு போகும். பொருக்கைச் சொறியாதீர்கள், கிள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஊருணி, கண்மாய், நீச்சல் குளம் கிடையாது. எண்ணெய்க் குளியலை மூன்று வாரம் தள்ளிவையுங்கள். தலைக்குக் குளிக்கும்போது பின்னால் சாய்ந்து, முகத்தில் நீர் வழியாமல் குளிக்கலாம்.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், தொட்டால் சூடாக இருந்தால், மஞ்சள் சீழ் வந்தால், காய்ச்சல் கண்டால் செய்தவரிடம் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் தெரு பார்லரிலும் இப்போது செய்கிறார்கள். திரெடிங் அங்கேதான் செய்துகொள்வேன். நம்பிப் போகலாமா?
*கோட்டையூர் வாசகி*

திரெடிங் கைவண்ணம் வேறு, இது வேறு. ஊசி எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலோட்டமாக வைத்தால் நிறம் பொருக்கோடு போய்விடும். ஆழம் கூடினால் ரத்தம் வந்து, நிறம் பரவி நீலம் பாய்ந்து, தழும்பும் விழலாம். அந்தக் கைப்பதம் இரண்டு நாள் வகுப்பில் வந்துவிடாது.

அவரிடம் படங்கள் கேளுங்கள். செய்து முடித்தவுடன் எடுத்த படம் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். ஆறு வாரம் கழித்து, நம் நிறத்துத் தோலில் ஆறிய படம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், அதில் காலாவதித் தேதி பார்க்க வேண்டும், ஒருவருக்குப் பயன்படுத்தியதும் அதைக் கூர்பொருள் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ரத்தம் பட்ட ஊசியால் பரவக்கூடியவை. பிக்மென்ட்டையும் மரப்பு கிரீமையும் காதுக்குப் பின்னால் வைத்துக் குறைந்தது இரண்டு நாள் பார்க்கிற பேட்ச் டெஸ்ட்டை "அதெல்லாம் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரலாமா?
*பொன்னமராவதி வாசகி*

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. புருவத்துக்காக இதயத்தோடு விளையாட வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் நிறுத்த வேண்டாம் என்றால் செய்துகொள்ளவும் வேண்டாம். ரத்தக் கசிவு அதிகமானால் நிறம் நிற்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். கட்டுக்குள் வந்த பிறகு யோசிக்கலாம்.

அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி வருகிறது. மூன்று வருடம் முன் வெளிநாட்டில் செய்த என் புருவம் செங்கல் நிறமாகிவிட்டது. லேசரில் எடுத்துவிடலாமா?
*பள்ளத்தூர் வாசகி*

பழுப்பு பிக்மென்ட்டில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகள்தான் கலந்திருக்கும். மற்ற நிறங்கள் முந்திக்கொண்டு மங்கும்போது சிவப்பு மிஞ்சும். கார்பன் கறுப்பு அதிகம் உள்ளதோ நீலச் சாம்பலாக மாறும். இலேசான செம்மை என்றால் எதிர்நிறம் கலந்து திருத்திவிடலாம்.

லேசருக்கு அவசரப்படாதீர்கள். இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் உள்ள நிறம், லேசர் பட்டதும் சில நேரம் ஒரேயடியாகக் கறுத்துவிடும். நம் தோலில் கரும்படலம் விழும் வாய்ப்பும் அதிகம். தோல் மருத்துவரிடம் போய், மறைவான ஒரு புள்ளியில் சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஒரே முறையில் முடிகிற காரியமும் இல்லை. சாந்திக்குள் ஆக வேண்டும் என்று தேதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

சில சின்னக் கேள்விகள்

கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் காத்திருக்க வேண்டும். காயம் ஆறிய இடத்தில் புடைத்து வளர்கிற கெலாய்டு தழும்பு விழுகிற உடம்பு என்றால் வேண்டாம். வெண்புள்ளி, சோரியாசிஸ் இருப்பவர்களுக்குக் கீறிய இடத்திலேயே புதிதாகக் கிளம்பலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருந்து எழுதியவரையே கேளுங்கள். ரெட்டினால், சிவப்பழகு கிரீம்களை இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆறிய பிறகும் புருவத்தின் மேல் அவற்றைப் பூசினால் நிறம் சீக்கிரம் போகும். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் புருவத்தில் நிறம் ஏற்றியிருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ரத்த தானம் செய்யும்போதும் அப்படியே. ஹேர் டை ஒவ்வாதவர்களுக்குப் பேட்ச் டெஸ்ட் கட்டாயம்.

தோழிக்குச் செய்த அதே வடிவம் எனக்கும் வேண்டும் என்றால் செய்வார்களா?
*அரியக்குடி வாசகி*

செய்வார்கள், ஆனால் கேட்காதீர்கள். உங்கள் மூக்கோரம், கண்மணி, கண் கடைசி மூன்றையும் அளந்துதான் புருவத்தின் தொடக்கம், வளைவு, முடிவைக் குறிக்க வேண்டும். இருக்கிற முடியை மழிக்கவும் தேவையில்லை, அதை ஒட்டித்தான் வடிவம். பென்சிலால் வரைந்து காட்டும்போது படுத்தபடியே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். படுத்தால் நெற்றித் தோல் பின்னால் சரிந்து வளைவு மாறித் தெரியும். எழுந்து உட்கார்ந்து, நெற்றியைச் சுருக்காமல் கண்ணாடியில் பாருங்கள். கூட வந்தவரை எதிரில் நிற்க வைத்து, போட்டோ எடுத்தும் பாருங்கள். மயிரிழை வித்தியாசம் பட்டாலும் அழித்து வரையச் சொல்லுங்கள். ஊசி தொட்ட பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை.