5 ஏக்கர் செம்பனைக்கு நிலைத்த விவசாயம் கட்டுப்படியாகுமா?
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் 5 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவருக்கு, மண்ணையும் காட்டையும் கெடுக்காத நிலைத்த விவசாயத்தில் லாபம் உண்டா என்பது கேள்வி. எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்த செம்பனை எண்ணெய்) சான்றிதழ் 2020 முதல் கட்டாயம். அதனால் மட்டும் குலை விலை ஏறிவிடாது. மிச்சம் பிடிப்பது உரச் செலவில்தான். ஆலையில் பழம் பிரித்தபின் கழியும் வெறுங்குலையை ஹெக்டருக்குச் சுமார் 40 டன் வரை, வரிசைகளுக்கு இடையே ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். அதில் பொட்டாசியம் அதிகம், பொட்டாஷ் மூட்டை குறையும். குவித்துப் போட்டால் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். மிச்சமெல்லாம் மருந்துக்கே போகும். லாரிக் கூலியையும் பாருங்கள்: ஆலை தொலைவென்றால், வெட்டிய மட்டையை அடுக்குவதே மலிவு.

எண்ணெய் ஐரோப்பாவுக்குப் போகவேண்டுமானால், ஐரோப்பியக் காடழிப்பு விதிப்படி, 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலமாக இருக்கக்கூடாது. 5 ஏக்கர் சுமார் 2 ஹெக்டர்தான்; 4 ஹெக்டருக்குள் என்பதால், நிலம் இருக்கும் இடத்தைக் காட்ட ஜிபிஎஸ் புள்ளி ஒன்றே போதும். குலை விற்ற ரசீதுகளைத் தொலைத்துவிடாதீர்கள்.