பஸ் போனால் பாலம் அதிர்கிறதே, பலம் போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அதிர்வது மட்டும் ஆபத்தின் அடையாளம் இல்லை. கான்கிரீட் பாலம் பாரம் ஏறினால் கொஞ்சம் வளையும், இறங்கினால் நிமிரும். நிமிராமல் நின்றால்தான் பிரச்சினை.

அதைத்தான் பாரச் சோதனையில் பார்க்கிறார்கள். மணல் மூட்டையோ லோடு லாரியோ ஏற்றி 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு தாழ்ந்தது என்று அளப்பார்கள். பாரத்தை இறக்கி அடுத்த 24 மணி நேரத்தில், சாதாரண கம்பி கான்கிரீட் என்றால் அந்தத் தாழ்வில் 75 சதவீதமாவது மீள வேண்டும்.

அதற்கு முன்பே கண்ணால் பார்க்கும் ஆய்வு உண்டு. என்னைக் கேட்டால் பாதி உண்மை அதிலேயே தெரிந்துவிடும்: அடியில் துருக்கறை, உதிர்ந்த கான்கிரீட், தூணுக்கும் தளத்துக்கும் இடையே பாரம் தாங்கும் மெத்தை போன்ற பேரிங் நசுங்கியிருப்பது. அப்புறம் சுத்தியல் சோதனை, காதுக்குக் கேட்காத ஒலியைக் கான்கிரீட்டுக்குள் அனுப்பிப் பார்க்கும் மீயொலிச் சோதனை எல்லாம். மீயொலி நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தால் கான்கிரீட் அருமை.

மதுரை கோரிப்பாளையம் பக்கத்தில் வைகை மேல் உள்ள ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 1889-ல் திறந்த கல் வளைவுப் பாலம் அது. உள்ளே துருப்பிடிக்கக் கம்பி கிடையாது. அங்கே கல் இடுக்குச் சுண்ணாம்புச் சாந்து கரைந்திருக்கிறதா, வளைவு பிளந்திருக்கிறதா, இடுக்கில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பாலமானாலும் அஸ்திவாரத்தடியில் மண் அரிப்பு முக்கியம். வைகை வறண்டு கிடக்கும் மாதங்களில் இறங்கி நடந்தே பார்த்துவிடலாம், வேறு ஊர்க்காரர்களுக்கு முக்குளிப்பவர் வேண்டும்!