மாறுதல் மறுக்கப்பட்டால் மறுபடியும் விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு முடித்திருக்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். கைத்தறியில் லுங்கி நெய்யும் அப்பாவுக்கு உடல்நிலை மோசமானதால், இரண்டாம் ஆண்டு முதல் வீட்டிலிருந்தே போய்வர எண்ணி, வேலூரில் ஒரு கல்லூரிக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பித்தேன். ‘பரிசீலிக்க இயலவில்லை’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். 1990-களில் சென்னையிலிருந்து வேலூருக்குச் சுலபமாக மாறி வந்ததாகப் பெரியப்பா சொல்கிறார். டி.சி. வாங்கிக்கொண்டு வந்து மறுபடியும் முதலாண்டிலேயே சேர்ந்துவிடு என்கிறார்கள் உறவினர்கள். மீண்டும் விண்ணப்பித்தால் பலன் இருக்குமா?

– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: பலன் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் தேதியை மட்டும் மாற்றி அதே மனுவைக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே ஒரு கல்லூரி உங்களைச் சேர்த்துக்கொள்வதாக எழுத்தில் தரும்வரை, யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் சென்னையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மாறுதல் விண்ணப்பத்துக்கு முதலில் தேவைப்படுவது தற்போதைய கல்லூரி முதல்வர் தரும் தடையில்லாச் சான்று மட்டுமே. மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டால் அங்கே உங்கள் பெயர் நீக்கப்பட்டுவிடும். இங்கேயும் இடம் கிடைக்காவிட்டால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்க நேரும்.

உங்கள் பெரியப்பா சொல்வது உண்மைதான். அவர் படித்த காலத்தில் வேலூர்க் கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. எனவே அவருடைய மாறுதல் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் நடந்தது. 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட பிறகு இப்பகுதிக் கல்லூரிகள் அதன்கீழ் வந்துவிட்டன. உங்கள் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்றால், நீங்கள் கேட்பது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மாறுதல். இரு கல்லூரி முதல்வர்களும் இசைந்தால் போதாது. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழும் (மைக்ரேஷன் சர்டிபிகேட்) வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் முதலாண்டில் எழுதிய தாள்கள் இங்குள்ள பாடத்திட்டத்துக்கு ஈடானவையா என்று பார்ப்பார்கள்.

பெரும்பாலான மாறுதல்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். கணிதத்தில் முதன்மைத் தாள்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும்; சிக்கல் துணைப்பாடத்தில் வரும். நீங்கள் அங்கே துணைப்பாடமாக இயற்பியல் படித்திருக்க, இந்தக் கல்லூரி முதலாண்டில் புள்ளியியல் வைத்திருந்தால், அந்த இரண்டு பருவத் தாள்களும் உங்களுக்கு விடுபட்டவையாகிவிடும். அவற்றைப் பின்னால் தனியாக எழுதித் தேற வேண்டிவரும். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், சாயிநாதபுரம் டி.கே.எம். போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள் என்பதால் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கின்றன. அடுத்தடுத்த கல்லூரிகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். ஆகவே மறுபடியும் விண்ணப்பிக்கும்முன், உங்கள் இரண்டு பருவப் பாடத்திட்டத்தையும் நீங்கள் சேர விரும்பும் கல்லூரியின் பாடத்திட்டத்தையும் தாள் தாளாக ஒப்பிட்டு ஓர் அட்டவணை எழுதுங்கள். பாடத்திட்ட நகலில் உங்கள் துறைத்தலைவரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ‘விடுபட்ட தாள்களை எழுத ஒப்புக்கொள்கிறேன்’ என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் செய்துவரும் மாணவர்கள் மிகக் குறைவு. செய்தவரின் மனுவை ஒரே வரியில் ஒதுக்குவது எளிதல்ல.

மறுப்புக்கு இன்னொரு காரணம் காலியிடம் இல்லாமையாக இருக்கலாம். ஒவ்வொரு துறைக்கும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை உண்டு. முதலாண்டில் சேர்ந்த ஒருவர் விலகினால்தான் இரண்டாம் ஆண்டில் இடம் வரும். யார் திரும்பி வரவில்லை என்பது மூன்றாம் பருவம் தொடங்கிக் கட்டணம் செலுத்தும் நாட்களில்தான் தெளிவாகும் என்பதால், கோடை விடுமுறையில் மறுக்கப்பட்ட மனு அப்போது ஏற்கப்படுவதும் உண்டு. உதவிபெறும் கல்லூரியாக இருந்தால் சுயநிதிப் பிரிவிலும் கேளுங்கள். ஆனால் கட்டணம் அதிகம் என்பதால், அப்பாவின் நிலையை எண்ணி முதலிலேயே தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலூரை மட்டும் ஏன் குறிவைக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. குடியாத்தத்திலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது. கட்டணமும் குறைவு, பேருந்துச் செலவும் இல்லை, அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாட்களில் அலைச்சலும் இல்லை. அங்கே விசாரிக்காமல் வேறெங்கும் விண்ணப்பிக்காதீர்கள்.

மறுப்பின் காரணத்தை அறிய முதல்வரை நேரில் பார்ப்பதே நல்லது. அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுத்திலும் கேட்கலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பருவம் தொடங்கி வருகைப் பதிவு குறையத் தொடங்கிவிடும். அதனால் அந்தப் பதிலுக்காகக் காத்திராமல் மறுவிண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ‘குடும்பச் சூழ்நிலை’ என்று பொதுவாக எழுதாமல் அப்பாவின் சிகிச்சை ஆவணங்களின் நகலையும், மதிப்பெண் பட்டியல்களையும், வருகைச் சான்றையும் இணையுங்கள். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள்.

முதலாண்டிலிருந்து மறுபடியும் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு விடுபட்ட தாள்களை எழுதுவது சில மாத உழைப்பு. முதலாண்டைத் திரும்பப் படிப்பது ஓராண்டு வருமானத்தை இழப்பதற்குச் சமம், அதுவும் உங்கள் வீடு உங்கள் சம்பாத்தியத்தை எதிர்பார்த்திருக்கும் நேரத்தில். அரசுப் பள்ளியில் படித்துப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுபவராக இருந்தால், மாறும்போது இரண்டு கல்லூரி அலுவலகங்களிலும் அதைச் சொல்லிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: மாறுதல் கிடைக்காததால் படிப்பை விட்டுவிட்டு வேறு கல்லூரியில் முதலாண்டில் சேரப் போகிறேன். மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத் தருவோம் என்கிறது பழைய கல்லூரி. என்ன செய்வது?

– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கட்டாதீர்கள். மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்கு விரைவுத் தபாலில் எழுதி, அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், அந்தக் கடிதத்தின் நகலோடு பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் மானியக் குழுவுக்கும் புகார் அனுப்புங்கள். புதிய கல்லூரியின் முதல்வரிடமும் நிலைமையைச் சொல்லி, மூலச் சான்றிதழைத் தருவதற்கு அவகாசம் கேளுங்கள்.