ஓடும் காரில் ‘கண்டுபிடி’ விளையாட்டு: சண்டையும் குமட்டலும் இல்லாமல்

கேள்வி: ஏழு மணி நேரக் கார் பயணம் போகிறோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. போன முறை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்திலேயே அடிதடி. டேப்லெட்டைக் கொடுத்தால் சின்னவன் வாந்தி எடுக்கிறான். என்னதான் செய்வது?

பதில்: டேப்லெட்டை எடுத்து வைத்துவிடுங்கள். கார் ஓடுவதை உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உணர்கிறது. திரையில் பதிந்திருக்கும் கண்ணுக்கோ எதுவும் நகர்வதாகத் தெரிவதில்லை. இந்த முரண்பாடுதான் குமட்டுகிறது. 2 வயதிலிருந்து 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம். தூரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணும் காதும் ஓரளவு ஒத்துப்போகும். அந்த வகையில் நீங்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு சரியானதுதான். கட்டம் போட்ட பிங்கோ தாள்களை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். குனிந்து டிக் அடிப்பதும் திரையைப் பார்ப்பதும் வயிற்றுக்கு ஒன்றுதான். தாள் வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு வாசிக்கட்டும்.

இப்போது சண்டைக்கு வருவோம். “நான் பார்ப்பது ‘ம’வில் தொடங்குகிறது” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தேடுவதுதான் வழக்கமான ஆட்டம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் நகர்கிறது. சொல்லி முடிக்க மூன்று நொடி ஆனால் அந்த மரம் 75 மீட்டர் பின்னால் போயிருக்கும். இல்லாத மரத்தைத் தம்பி தேடுகிறான், “நீ பொய் சொல்றே” என்கிறான், அப்புறம் கை நீள்கிறது. பிள்ளைகள் மேல் தப்பில்லை. சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும் இந்த ஆட்டம் ஆடுங்கள். வேகமாகப் போகும்போது இனிமேல் வரப்போவதைத் தேடச் சொல்லுங்கள்: அடுத்த பாலம், அடுத்த மஞ்சள் லாரி. இல்லையென்றால் மலை, உயரமான கோபுரம், மேகம் என்று சட்டென்று மறையாதவற்றைக் கேளுங்கள்.

ஒன்பதையும் ஐந்தையும் போட்டி போட வைத்தால் யார் ஜெயிப்பார் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் இருவரையும் ஒரே அணியில் சேர்த்து, சாலையை எதிரணி ஆக்குங்கள். “அடுத்த கால் மணி நேரத்துக்குள் ஐந்து சிவப்பு வண்டி, இரண்டு பாலம், ஒரு ஆடு. முடியுமா?” ஆடு வராமல் போனால் திட்டு சாலைக்குத்தான். சின்னவனுக்கு நிறம், பெரியவளுக்கு எண் என்று வேலையைப் பிரித்தும் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால், பெரிய பிள்ளைகளுக்கு நம்பர் பிளேட்டை விட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது. 1-இல் முடியும் வண்டி, பிறகு 2-இல் முடிவது என்று வரிசையாக 0 வரை பிடிக்க வேண்டும். நடுவில் எத்தனை 7 போனாலும், முறை 4 என்றால் 4 வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதுவும் அலுத்துவிட்டால், பிளேட்டில் உள்ள எல்லா எண்களையும் கூட்டியோ கழித்தோ 10 வரவைக்கச் சொல்லுங்கள். 3722 என்றால் மூன்றும் ஏழும் பத்து, அதோடு இரண்டைக் கூட்டி இரண்டைக் கழித்தால் முடிந்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியை விட, முன்னால் அதே வேகத்தில் போகும் வண்டிதான் இதற்குத் தோது.

உயிரெழுத்து வரிசையும் நன்றாக ஓடும். ‘ஆ’வுக்கு ஆடு, ‘ஏ’வுக்கு ஏணி, ‘ஓ’வுக்கு ஓடை. ‘ஐ’க்கு ஐந்து பறவைகள் சேர்ந்து பறந்தால் ஒத்துக்கொள்ளலாம். ‘ஔ’வை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள், அதற்காகப் பஞ்சாயத்து வேண்டாம்.

வண்டி ஓட்டுபவர் எந்த ஆட்டத்திலும் இல்லை. “அப்பா, அங்கே பாருங்க” என்பதற்கு அவர் இரண்டு நொடி திரும்பினால், அதே வேகத்தில் கார் 50 மீட்டர் பார்க்காமல் ஓடியிருக்கும். கண்டதற்குச் சாட்சி சொல்வது மற்ற பெரியவரின் வேலை.

ஒரு சுற்று கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிட்டுக் கதை ஒலிப்பதிவு போடுங்கள். வண்டி நிற்கும் இடங்களில் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வையுங்கள். எப்போதும் ஒரு பக்க ஜன்னலில்தான் நிறைய கண்ணில் படும். சின்னவன் திடீரென்று பேச்சைக் குறைத்து, கொட்டாவி விட்டு, முகம் வெளுத்தால் ஆட்டத்தை அப்போதே நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து, நேர் எதிரே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஓரமாக நிறுத்தி, இறங்கிக் கொஞ்சம் நிற்கட்டும்.