பெற்றோர் இந்தியாவில் இருந்தால் அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள். பெற்றோர் மதுரையில் இருக்கிறார்கள், அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள். சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதி, தேவைப்படும் வேலை வந்திருக்கிறது. தேறுமா என்பதுதானே கேள்வி?

தேற நல்ல வாய்ப்பு உண்டு. யாருக்குக் கிளியரன்ஸ் தரலாம் என்று முடிவு செய்யும் விதிகள் எஸ்இஏடி-4, 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்தவை. அவற்றில் வெளிநாட்டுத் தாக்கம் பற்றிய பி பிரிவுதான் இதைப் பார்க்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை. அவரை வைத்து உங்களை நெருக்க முடியுமா, அந்த நாடு எப்படிப்பட்டது, அவர் அரசிலோ ராணுவத்திலோ உளவுத்துறையிலோ இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். எதிர்த்தட்டில் உங்கள் வீடு, வேலை, பிள்ளைகள், அமெரிக்காவில் வாழ்ந்த வருடங்கள். இதே பெற்றோர் சீனாவிலோ ஈரானிலோ இருந்தால் தராசு வேறு மாதிரி சாயும்.

பலர் சறுக்குவது உறவால் அல்ல, பின்னணி விசாரணைக்காக நிரப்பித் தரும் எஸ்எஃப்-86 படிவத்தால். 18ஆம் பகுதியில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளோடு மாமனார் மாமியாரும் வரவேண்டும். இறந்தவர்களையும் எழுத வேண்டும். மச்சான், சித்தப்பா, பெரியம்மா மகன் அதில் வரமாட்டார்கள். ஆனால் அவர்களில் வெளிநாட்டுக் குடிமகனான ஒருவரோடு கடந்த 7 ஆண்டுகளில் நெருக்கமான தொடர்பு இருந்தால், அவர் வெளிநாட்டுத் தொடர்புகளுக்கான 19ஆம் பகுதிக்குப் போவார். அம்மாவோடு தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்களா? 'தினமும்' என்றே போடுங்கள். குறைத்துக் காட்டினால் நல்லது என்று நினைத்து 'மாதம் ஒருமுறை' என்று போட்டுவிட்டு, நேர்காணலில் உண்மை வெளியே வந்தால் சிக்கல் பி பிரிவிலிருந்து ஈ பிரிவுக்கு, அதாவது நேர்மைக்கு, மாறிவிடும். அதிலிருந்து மீள்வதுதான் கஷ்டம்.

அப்பாவின் வேலை மாநில அரசு வேலை. ஓய்வு பெற்றாலும் எழுதிவிடுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் பணம், இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியராக வைத்திருக்கும் என்ஆர்ஈ கணக்கு, இந்தியாவில் உங்கள் பெயரிலுள்ள மனை எல்லாம் 20ஏ பகுதிக்கு. இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை அல்ல. ஆனாலும் குறிப்புப் பெட்டியில் ஒரு வரி சேர்ப்பது புத்திசாலித்தனம். நம் இனிஷியல் பெயர்கள் தனித் தலைவலி: இனிஷியல் மட்டும் என்றால் அதற்கென்றே உள்ள கட்டத்தை டிக் செய்யுங்கள், பழைய பாஸ்போர்ட்டில் பெயர் வேறாக இருந்தால் வேறு பெயர்கள் பகுதியில் சேருங்கள்.

இன்னொன்று, நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் நிறுவனமோ அரசுத் துறையோதான் தொடங்கிவைக்க வேண்டும்.

கிளியரன்ஸ் தருவதில் அரசுக்குச் சந்தேகம் வந்தால், அதற்கான காரணங்கள் அடங்கிய அறிக்கை உங்களுக்கு வரும். பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் பதில் தர 20 நாள்தான். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தனித்தனியாகச் சொல்லி, வீட்டுக்கடன் பத்திரம், ஓய்வூதியக் கணக்கு அறிக்கை, மேலதிகாரி கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். நீதிபதி முன் நேரடி விசாரணை வேண்டுமென்றால் அந்தப் பதிலிலேயே கேட்டுவிட வேண்டும்.